ரயில் கம்பியைக் காட்டித் தப்பிக்க முடியாது

உயர் மின்னழுத்தக் கருவிகளை வீட்டிலேயே கட்டும் பொழுதுபோக்கு இன்று பெருநகரங்களோடு நிற்பதில்லை. பழைய கலர் டி.வி.யிலிருந்து கழற்றிய ஈ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மர், பைக்கின் இக்னிஷன் காயில், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய மாஸ்ஃபெட், ஆன்லைனில் வரவழைத்த இசட்.வி.எஸ். போர்டு ஆகியவை கையில் இருந்தால் போதும். அரக்கோணத்து மாடியறையிலும் டெஸ்லா காயில் பொறி கக்கும், ஜேக்கப் ஏணியில் நெருப்பு ஏறும். இந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். அதோடு ஒட்டிக்கொண்டு பரவும் ஒரு நம்பிக்கையைத்தான் எதிர்க்கிறேன். வீட்டுக் கருவி கிளப்பும் ரேடியோ இரைச்சலைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்பதே அந்த நம்பிக்கை.

அந்தத் தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுவது நேர்மை. அவர்கள் சொல்வது இது: "எங்கள் கருவி ஒரு நாளில் ஐந்து நிமிடம் ஓடினால் அதிகம். ஊரின் நடுவே 25,000 வோல்ட் கம்பி ராத்திரி பகலாகப் போகிறது. நான்கு திசையிலும் ரயில் ஓடும் ஜங்ஷனில் எங்கள் பொறி கடலில் கரைத்த பெருங்காயம். இந்தக் காலத்தில் ரேடியோ கேட்பவர் யார்? எல்லோரிடமும் மொபைல் இருக்கிறது. எங்கள் வீட்டு டி.வி.யில் ஒரு கோடுகூட விழவில்லை. கருவிக்கு எர்த் கொடுத்திருக்கிறோம், தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம். இது டிரான்ஸ்மிட்டர் இல்லை என்பதால் லைசென்ஸ் கேள்வியும் எழாது. இதற்கும் மேல் விதி பேசினால், படிக்கும் பிள்ளைகளின் கையைக் கட்டுவதாகத்தான் முடியும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுகூட நிற்பதில்லை.

1. ரயில் கம்பி இரைகிறது, சரி. அதனால் நீங்களும் இரையலாமா?

அரக்கோணத்தில் இருப்புப் பாதையை ஒட்டி ரேடியோ இரைச்சல் இருப்பது உண்மை. பான்டோகிராஃப் கம்பியை விட்டுத் துள்ளும்போது பொறி பறக்கிறது, அழுக்கேறிய இன்சுலேட்டரில் கசிவு நடக்கிறது. இதை மறுக்க வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது அதிலிருந்து எடுக்கும் முடிவை.

தூரத்தைக் கணக்கில் எடுங்கள். திறந்தவெளியில் ரேடியோ அலையின் புலவலிமை தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. திறன் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இரைச்சல் மூலத்தின் திறனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ள கருவி, பத்து மீட்டரில் இருந்தால் அதே அளவு தொல்லையைத் தரும். உங்கள் கருவியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் பத்து மீட்டர்கூட இருக்காது. ரயில் கம்பியோடு உங்களை ஒப்பிடும்போது இந்தப் பத்தாயிரத்தை மறந்துவிடுகிறீர்கள்.

ரயில்வேயை உதாரணம் காட்டுவோர் ரயில்வே செய்ததையும் சொல்ல வேண்டும். 25 கிலோவோல்ட் ஏ.சி. முறைக்கு மாறும்போது, பாதை ஓரமாகக் கம்பத்தில் ஓடிய தந்தி, தொலைபேசிக் கம்பிகளில் இந்த மின்சாரம் தூண்டும் இரைச்சல் பெரும் சிக்கலாக வந்தது. "எங்கள் கம்பி பெரியது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ரயில்வே சொல்லவில்லை. கம்பத்துக் கம்பிகளைப் புதைவடங்களாக மாற்றினார்கள். தேவையான இடங்களில் பூஸ்டர் டிரான்ஸ்ஃபார்மரும் திரும்பு கம்பியும் போட்டு, தண்டவாளம் வழியாகவும் மண் வழியாகவும் சிதறும் மின்னோட்டத்தைக் கட்டினார்கள். பெரிய இரைச்சல்காரர் செலவு செய்து அடக்கியதைச் சின்ன இரைச்சல்காரர் தன் சாக்காகக் காட்டுவது எந்தக் கணக்கில் சேரும்?

2. "யார் ரேடியோ கேட்கிறார்கள்?" இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாத ஊர் தமிழ்நாட்டில் ஒன்று உண்டென்றால் அது அரக்கோணம்தான்.

ஊரை ஒட்டி ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. 1992 முதல் இயங்கும் கடற்படை விமானத்தளம். 2017 வரை டி.யு.-142 விமானங்கள் இங்கிருந்து பறந்தன. 2013 முதல் பி-8ஐ விமானங்கள் இங்கிருந்துதான் இந்தியப் பெருங்கடல் மேல் கண்காணிப்புக்குப் போய்வருகின்றன. உலகெங்கும் விமானிக்கும் தரைக் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான வழக்கமான பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், ஏ.எம். முறையில் நடக்கிறது. கரையை விட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போன விமானத்தை அந்த விஎச்எஃப் எட்டாது. அங்கே 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை கைகொடுக்கிறது. உங்கள் காயிலால் விமானம் விழுந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரலைக் கேட்க வேண்டிய ஆன்டெனாக்கள் உள்ள ஊரில் இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியனும் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. புயலிலும் வெள்ளத்திலும் மொபைல் கோபுரங்கள் சாயும் நாளில் வேலைக்குக் கிளம்பும் படை அது. மொபைல் இருக்கிறதே என்று சொல்பவர்கள் 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று அமெச்சூர் வானொலிப் பயணமாக அந்தமானில் இருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் குழு, போர்ட் பிளேயரிலிருந்து சிற்றலையில் செய்திகளை வெளியே அனுப்பியது. தொலைபேசி அறுந்துபோன தீவுகளில் உறவினர் உயிரோடிருக்கும் சேதி பல குடும்பங்களுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும் ஹாம் வானொலிக்காரர்கள் உதவிக்கு வந்தார்கள்.

அந்தச் செய்திகள் எவ்வளவு மெல்லியவை தெரியுமா? நல்ல சிற்றலை ரிசீவர் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவான சிக்னலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும். உங்கள் காயிலின் உச்சியில் ஒரு லட்சம் வோல்ட் இருந்தால், அது அந்தச் சிக்னலைப் போல் பத்தாயிரம் கோடி மடங்கு. அதில் நுண்ணிய துணுக்கு கசிந்தாலும் போதும், தொலைவிலிருந்து வரும் குரல் கேட்காது.

"ஐந்து நிமிடம்தானே" என்ற சமாதானமும் இங்கேதான் விழுகிறது. எந்த ஐந்து நிமிடத்தில் யாருக்கு எந்தச் சேதி வரும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. கேட்க வேண்டியவருக்கோ தான் எதைத் தவறவிட்டோம் என்பதே தெரியாது.

3. "எங்கள் டி.வி. ஆடவில்லை, எஃப்.எம். கரகரக்கவில்லை." சாட்சி சொல்ல முடியாதவரைக் கூண்டில் ஏற்றி வழக்கை ஜெயிக்கப் பார்க்கிறீர்கள்.

மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டித் தூர்தர்ஷன் பார்த்த காலத்தில், அடுத்த வீட்டு மிக்ஸி ஓடினாலே திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஓடும். அந்தத் தலைமுறைக்கு இரைச்சல் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று டி.டி.எச். தட்டு 11, 12 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வாங்குகிறது; கேபிள் உறை போட்ட கம்பிக்குள் வருகிறது. இரண்டுமே உங்கள் பொறிக்கு எட்டாத இடங்கள். எஃப்.எம். ரிசீவரோ அலையின் உயரத்தில் ஏற்படும் குத்துகளை வெட்டிவிட்டு, அதிர்வெண் மாற்றத்தை மட்டும் ஒலியாக்குகிறது. பொறியின் இரைச்சல் பெரும்பாலும் அலையின் உயரத்தைத்தான் குலைக்கிறது.

விமானப் பேச்சு ஏ.எம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை ஒலிபரப்பு ஏ.எம். ஹாம் வானொலியின் ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சும் அலையின் உயரத்தையே நம்பியிருக்கிறது. உங்கள் இரைச்சலை உணரக்கூடிய சேவைகள் எல்லாம் உங்கள் வரவேற்பறையில் இல்லாதவை. வீட்டிலிருந்து போனது இரைச்சலைக் காட்டிக்கொடுத்த சாட்சிதான். இரைச்சல் அப்படியே இருக்கிறது.

4. "என் காயில் ஓடுவது சில நூறு கிலோஹெர்ட்ஸில். மற்ற அலைவரிசைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" தொடர்பு இருக்கிறது, அதைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம்.

ஒரு ஸ்பார்க் கேப்பில் காற்று உடையும்போது மின்னோட்டம் சில நானோ நொடிகளில் ஏறிவிடும். 10 நானோ நொடியில் ஏறும் துடிப்பின் ஆற்றல் சுமார் 32 மெகாஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் பரவிக் கிடக்கிறது. அதன் பிறகுதான் செங்குத்தாகச் சரிகிறது. ஏற்றம் 1 நானோ நொடி என்றால் அந்த எல்லை 320 மெகாஹெர்ட்ஸுக்கு அருகே போகிறது. சிற்றலை முழுவதும், விமானப் பட்டையும், ஹாம்களின் 144 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் அதற்குள் அடக்கம்.

"என்னுடையது மாஸ்ஃபெட் காயில், ஸ்பார்க் கேப்பே கிடையாது" என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மாஸ்ஃபெட் பாலம் சைன் அலையைத் தருவதில்லை, சதுர அலையைத் தருகிறது. சதுர அலையில் அடிப்படை அதிர்வெண்ணின் மூன்று, ஐந்து, ஏழு மடங்குகள் கூடவே வரும். மூன்றாவதன் உயரம் அடிப்படையில் மூன்றில் ஒரு பங்கு. 240 கிலோஹெர்ட்ஸில் ஒரு காயிலை ஓட்டினால் அதன் மூன்றாம் மடங்கு 720 கிலோஹெர்ட்ஸ். சென்னை வானொலியின் மேலேயே போய் உட்காருகிறது. செகண்டரிச் சுருள் அந்த மூன்றாம் மடங்கை ஓரளவு வடிகட்டலாம். பாலத்திலிருந்து பிரைமரிக்கும், அங்கிருந்து வீட்டு வயரிங்குக்கும் போகும் கம்பிகள் வடிகட்டுவதில்லை. காயிலின் உச்சியிலிருந்து காற்றில் பாயும் கிளைப் பொறிகளும் பொறிகள்தான். ஸ்பார்க் கேப்பை எடுத்துவிட்டதால் கருவி சுத்தமாகிவிடாது.

5. "எர்த் கொடுத்திருக்கிறோம்." எந்த அதிர்வெண்ணுக்கு?

வீட்டு எர்த் 50 ஹெர்ட்ஸுக்காகப் போடப்பட்டது. ஆளுக்கு ஷாக் அடிக்காமல், கோளாறு வந்தால் ஃபியூஸ் போக வேண்டும் என்பதே அதன் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ரேடியோ அதிர்வெண்ணில் அது வேறு பொருளாகிவிடுகிறது. நேரான கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் ஒரு மைக்ரோஹென்றி தூண்டம் உண்டு. முதல் மாடியிலிருந்து எர்த் குழி வரை பத்து மீட்டர் ஓடினால் பத்து மைக்ரோஹென்றி. 10 மெகாஹெர்ட்ஸில் அது 600 ஓமுக்கும் அதிகமான தடை. அதற்குப் பெயர் எர்த் இல்லை.

இன்னும் மோசமான செய்தி உண்டு. ஹாம்களின் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குக் கால் அலைநீளம் பத்தரை மீட்டர். உங்கள் மாடியிலிருந்து இறங்கும் எர்த் கம்பி ஏறத்தாழ அதே நீளம். காயிலின் அடிமுனையை அந்தக் கம்பியில் கட்டிவிட்டு இரைச்சலை மண்ணுக்குள் புதைத்துவிட்டதாக நினைக்கிறீர்கள். நடப்பதோ அந்த அலைவரிசைக்கு அளவெடுத்துத் தைத்த ஆன்டெனாவில் இரைச்சலைச் செலுத்துவது. அதே எர்த் வழியாக உங்கள் வீட்டு இன்வெர்ட்டரும், கணினியும், ஒரே காம்பவுண்டில் எர்த்தைப் பகிரும் அடுத்த வீடும் உங்கள் காயிலோடு சேர்ந்து துடிக்கின்றன.

தகரப் பெட்டிக்கும் இதே விடைதான். மூடிய உலோகப் பெட்டி நல்ல காப்பு. அதன் சுவரைத் துளைத்து வடிகட்டி இல்லாமல் ஒரே ஒரு மின்கம்பி வெளியே வந்தாலும் அந்தக் காப்பு வீண். உள்ளே உள்ள இரைச்சல் அந்தக் கம்பியின் மேல் ஏறி வீதி வரை போகிறது. பெட்டியை வாங்கியவர்கள் பலர், கம்பி நுழையும் இடத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை.

6. "இது டிரான்ஸ்மிட்டர் இல்லை." வரலாற்றைப் படியுங்கள், முதல் டிரான்ஸ்மிட்டரே இதுதான்.

ஹெர்ட்ஸ் 1880-களில் மின்காந்த அலையை நிரூபித்தது ஒரு பொறி இடைவெளியால். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சுவர்களுக்கு அப்பால் அலையை அனுப்பிக் காட்டியதும் பொறியால். 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் பொறியால். கப்பல்களெல்லாம் பொறியில் பேசிய அந்தக் காலத்தில் ஒருவர் பேசினால் சுற்றியுள்ள பலரும் வாய் மூட வேண்டியிருந்தது. ஒரு பொறி அகன்ற பட்டையை முழுவதுமாக விழுங்கிவிடும். அதனால்தான் 1927 வாஷிங்டன் வானொலி மாநாடு பொறி அலைபரப்பிகளைப் படிப்படியாக ஒழிக்க முடிவு செய்தது. உலகம் ஒரு நூற்றாண்டுக்கு முன் கூடிப் பேசிக் கைவிட்ட கருவியை மாடியறையில் கட்டி வைத்துக்கொண்டு, இது அலைபரப்பி இல்லை என்று சொல்வது சரியில்லை.

சட்டத்தின் பார்வையும் இதுதான். கருவியை என்ன நோக்கத்தில் கட்டினீர்கள் என்பதோடு அது நின்றுவிடுவதில்லை. என்ன விளைவை உண்டாக்குகிறீர்கள் என்றும் கேட்கிறது. இந்தியா உறுப்பினராக உள்ள சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிமுறைகள், எந்த வகை மின்கருவியும் வானொலிச் சேவைகளுக்கு, குறிப்பாக உயிர்ப் பாதுகாப்புச் சேவைகளுக்கு, தீங்கான இடையூறு செய்யாதபடி பார்த்துக்கொள்வதை அரசுகளின் கடமையாக்குகின்றன. வானொலி இடையூறுக்கான பன்னாட்டுக் குழு 1934-லேயே அமைந்துவிட்டது. வீட்டுச் சாதனங்களுக்கு அதன் அளவுகோல் எவ்வளவு கடுமையானது என்று பாருங்கள்: 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை, பத்து மீட்டர் தூரத்தில், மீட்டருக்கு ஏறத்தாழ 32 மைக்ரோவோல்ட். கடையில் வாங்கும் கணினிக்கு இந்தக் கட்டுப்பாடு. நீங்கள் கையால் கட்டிய கருவிக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று எந்த நியாயத்தில் கேட்கிறீர்கள்?

ஹாம் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த உரிமம் ஒதுக்கப்பட்ட பட்டைகளில் முறையாகப் பேசுவதற்கு. எல்லாப் பட்டையிலும் இரைவதற்கு அது அனுமதி தரவில்லை.

7. "அடக்குவது முடியாத வேலை, செலவும் தாங்காது." முடியும். தேவையான பொருளில் பாதி உங்கள் பழைய சாமான் பெட்டியிலேயே கிடக்கிறது.

முதல் வேலை வடிவமைப்பில். பொறி ஓடும் சுற்றில் கெபாசிட்டருக்கும் கேப்புக்கும் பிரைமரிக்கும் இடையிலான கம்பிகளை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்குங்கள். அந்த வளையத்தின் பரப்பு பெருகப் பெருக அது கதிர்வீசும் ஆன்டெனாவாகிறது. ஜேக்கப் ஏணி, வான் டி கிராஃப் போன்றவற்றில் பொறிக்கு அருகிலேயே உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும் ரெசிஸ்டரைத் தொடரில் போடலாம். வண்டிகளின் ஸ்பார்க் பிளக்கில் சில ஆயிரம் ஓம் வைப்பது இதே காரணத்துக்காகத்தான். உயர் மின்னழுத்த முனைகளில் கூர்மையான விளிம்பும் தளர்ந்த இணைப்பும் இருக்கக்கூடாது. காற்றில் சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோவோல்ட் புலம் வந்தால் கொரோனா கிளம்பும். கூர்முனையில் அந்தப் புலம் எளிதாக வந்துவிடும்.

இரண்டாவது, மின்வழி வடிகட்டி. தூக்கிப்போட்ட கணினி எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் பொது முறைச் சோக்கும் எக்ஸ், ஒய் கெபாசிட்டர்களும் கொண்ட வடிகட்டி இருக்கிறது. மின்னோட்ட அளவு உங்கள் கருவிக்குப் பொருந்தினால் அதையே எடுத்துப் போடலாம். கம்பி பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே, பெட்டியின் உலோகத்தோடு ஒட்டி அது நிற்க வேண்டும். வடிகட்டிக்கு முன் வரும் கம்பியையும் பின் வரும் கம்பியையும் ஒன்றாகக் கட்டி ஓட்டினால் வடிகட்டி இருந்தும் இல்லாததே. ஓர் எச்சரிக்கை: பாதுகாப்பு எர்த் இல்லாமல் ஒய் கெபாசிட்டரைப் போட்டால் பெட்டியின் உடம்பே சப்ளையில் பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும்.

மூன்றாவது, ஃபெரைட் வளையம். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் சேர்த்தே சுற்றுங்கள். சுற்று இருமடங்கானால் தூண்டம் நான்கு மடங்காகும். மத்திய அலைக்கு மாங்கனீஸ்-துத்தநாக ஃபெரைட், விஎச்எஃப்புக்கு நிக்கல்-துத்தநாக ஃபெரைட் பொருந்தும்.

நான்காவது, எர்த்தைப் பிரிப்பது. கருவியின் உலோக உடம்பு, டிரான்ஸ்ஃபார்மரின் உறை எல்லாம் வீட்டுப் பாதுகாப்பு எர்த்திலேயே இருக்கட்டும். அதில் கைவைக்கக் கூடாது. செகண்டரியின் அடிமுனைக்கு மட்டும் தனியாக ஓர் எர்த் தண்டு அடித்து, அகலமான செப்புப் பட்டையால் நேராகவும் குட்டையாகவும் இணையுங்கள். மாடியில் ஓட்டுவோர் தரையில் உலோக வலையை விரித்துச் செகண்டரியின் அடிமுனையை அதனோடு சேர்க்கலாம்; மின்னோட்டம் வீட்டு வயரிங்கைத் தேடிப் போகாமல் அந்த வலை வழியாகவே திரும்பும்.

ஐந்தாவது, கூண்டு. கோழி வலை போதும். 300 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒரு மீட்டர். அதில் இருபதில் ஒரு பங்கான ஐந்து சென்டிமீட்டரைவிடக் கண் சிறியதாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணக் கோழி வலை அதற்குள் அடங்கும். மூட்டுகளைச் சால்டர் செய்யுங்கள். கதவு முழு நீளத்துக்கும் உலோகத்தோடு உலோகம் ஒட்ட வேண்டும்.

கடைசியாகச் சோதனை. பேட்டரியில் ஓடும் ஒரு கையடக்க ஏ.எம். ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில், பட்டையின் கீழ்முனையில் ஒரு முறை, மேல்முனையில் ஒரு முறை, வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கருவியைப் போட்டு நிறுத்தட்டும். இன்னொருவர் மீட்டர் போர்டு, வாசல், தெரு, பக்கத்து வீட்டுச் சுவர் என்று நடக்கட்டும். எங்கே இரைச்சல் தெரிகிறது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அதே நடை. கொஞ்சம் பணம் செலவழிக்க முடிந்தவர்கள் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். டாங்கிளில் நிறமாலையையே திரையில் பார்க்கலாம். பக்கத்தில் ஹாம் வானொலிக்காரர் இருந்தால் அவரைவிடச் சிறந்த சோதனைக் கருவி கிடைக்காது.

இவ்வளவு செய்தும் பெரிய ஸ்பார்க் கேப் காயில் முழுதாக அடங்காமல் போகலாம். அப்போது திறனைக் குறையுங்கள், இன்டரப்டர் போட்டுச் சில நொடித் துடிப்புகளாக ஓட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் அந்தக் கருவி நெருக்கமான வீடுகளுக்கு நடுவே ஓட்டத் தகுந்ததில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

8. "பிள்ளைகளின் ஆர்வத்தை அணைக்கிறீர்கள்." ஆர்வத்தை அணைக்கப்போவது யார் என்று பார்ப்போம்.

இரைச்சலை அடக்கக் கற்கும் மாணவன் என்ன கற்கிறான்? சதுர அலைக்குள் ஒளிந்திருக்கும் மடங்குகள், கம்பியின் தூண்டம், மின்னோட்டம் எப்படியும் திரும்பிவரும் வழி, காந்தப் பொருளின் குணம், அளந்து பார்த்து ஒப்பிடும் பழக்கம். பொறியை மட்டும் பார்த்துக் கைதட்டுபவன் இதில் ஒன்றையும் கற்பதில்லை. டெஸ்லா காயிலின் நீல வெளிச்சத்தைவிட அந்த வடிகட்டியில்தான் படிப்பு அதிகம். அறிவியல் கண்காட்சிக்குக் காயில் கட்டச் சொல்லும் ஆசிரியர்கள், அதன் இரைச்சலை அடக்குவதையும் மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும்.

அடக்காத கருவிதான் இந்தப் பொழுதுபோக்குக்கு முடிவு கட்டும். விமானத்தளம் இருக்கும் ஊரில் ஒரு புகார் போதும். கண்காணிப்பு வண்டி இரைச்சலின் திசையைப் பிடித்து வாசலில் வந்து நிற்கும். அதன் பிறகு நல்ல காயில், கெட்ட காயில் என்று யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பள்ளிகள் ஒட்டுமொத்தமாகத் தடுக்கும், வீட்டுக்காரர் வாடகை அறையைக் காலி செய்யச் சொல்வார். ஒழுங்காகக் கட்டியவர்களும் சேர்ந்தே தண்டனை அனுபவிப்பார்கள்.

நம் மாகாணத்தில் வானொலியே ஆர்வலர்கள் கட்டியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முன்முயற்சியில் உருவான சென்னை மாகாண வானொலி மன்றம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணம் போதாமல் 1927-இல் நின்றது. அதன் கருவி மாநகராட்சியிடம் போய், 1930-இல் மீண்டும் ஒலிபரப்பு தொடங்கியது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. கைக்காசு போட்டுக் கருவி கட்டியவர்கள் ஊருக்குக் காதைத் திறந்துவிட்டார்கள். அவர்களுடைய வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் நாம் ஊர்க் காதை அடைப்பது தகாது.

வானலை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் கிடையாது. ஒருவர் இரைந்தால் அந்த நேரத்துக்கு அது எல்லோருக்கும் இல்லாமல் போகிறது. கண்ணுக்குத் தெரியாத பொதுச் சொத்து என்பதால் சேதமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனாலேயே அதைக் காப்பது கருவி கட்டியவரின் பொறுப்பாகிறது. வேறு யாராலும் அதைக் காக்க முடியாது.

ஆகவே என் முடிவு இது: இரைச்சல் அடக்கப்படாத உயர் மின்னழுத்தக் கருவி கட்டி முடிக்கப்படாத கருவி. அது எவ்வளவு நீளப் பொறி விட்டாலும் அரைகுறைதான். அரக்கோணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் காயில் சுற்றுகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது ஒன்றே. அடுத்த முறை சுவிட்சைப் போடுவதற்கு முன் ஒரு ஏ.எம். ரேடியோவோடு தெருவில் இறங்கி நடந்து பாருங்கள். இரைச்சல் கேட்டால், அதை அடக்கும் வரை சுவிட்சைத் தொடாதீர்கள்.